கணக்கில் வராத கோல்கீப்பர்: பீட்டர் தங்கராஜ்

போன மாசம் குரும்பலூருக்குப் போயிருந்தேன். சாயங்காலம் பசங்க ஃபுட்பால் ஆடிக்கிட்டிருந்தாங்க. ரெண்டு செருப்பை வச்சா அதுதான் கோல்போஸ்ட். டீம் பிரிச்சதும், இருக்கறதுலயே சின்னப் பையனைப் பார்த்து "நீ கோலுக்கு நில்லுடா"ன்னு தள்ளிவிட்டாங்க. எங்க காலத்துலயும் இதே கதைதான். பல நாள் அந்தச் சின்னப் பையன் நான்.

தள்ளிவிடப்பட்டது என் அக்கா மகன். ஆட்டம் முடிஞ்சு வந்தவன் கடுப்போட கேட்டான்: "மாமா, கோலுக்கு நின்னு யாராச்சும் பெரிய ஆளா ஆயிருக்காங்களா?"

"பீட்டர் தங்கராஜ்"னு சொன்னேன். "அது யாரு?"ன்னான். அவனைக் குத்தம் சொல்ல முடியாது. நாப்பது வயசு வரைக்கும் எனக்கே தெரியாது.

பீட்டர் தங்கராஜ் 1935 டிசம்பர் 24 அன்று ஹைதராபாத்தில் பிறந்தவர். மார்னிங் ஸ்டார், ஃபிரண்ட்ஸ் யூனியன் என்ற உள்ளூர் கிளப்புகளில் ஆடத் தொடங்கினார். 1953இல் ராணுவத்தில் சேர்ந்தார். போய்ச் சேர்ந்த இடம் நம்ம நீலகிரி மாவட்டத்து வெலிங்டன். குன்னூருக்குப் பக்கத்துல இருக்கற மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அந்தக் காலத்தில் பந்தாட்டத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது. ராணுவம், ரயில்வே, போலீஸ் மாதிரி ஏதாவது ஒரு வேலை வேணும். ஆடறவனுக்குச் சோறும் சம்பளமும் பயிற்சிக்கு நேரமும் கொடுத்தது இந்த நிறுவனங்கள்தான். ஆறடிக்கு மேல் உயரமான அந்த இளைஞனை ஒரு ஆட்டக்காரனாக வளர்த்ததும் ஒரு ரெஜிமென்ட்தான்.

வெலிங்டனில் அவர் முதலில் ஆடியது கோல்கீப்பராக இல்லை, சென்டர் ஃபார்வர்டாக. கோல் போட வேண்டிய ஆள் பிறகு கோலைத் தடுக்கும் இடத்துக்கு மாறினார். அந்த மாற்றம் பலித்தது. 1888இல் சிம்லாவில் தொடங்கிய டூரண்ட் கோப்பையை மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் 1955இலும் 1958இலும் வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நாலாவது இடம் பிடித்தபோது தங்கராஜுக்கு வயது இருபது, அணியில் இருந்தார். 1958இல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று பெயர் வாங்கினார். 1960 ரோம் ஒலிம்பிக் அணியிலும் இருந்தார். ராணுவத்தை விட்ட பிறகு கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடினார்: முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால்.

இவ்வளவு செஞ்சவரை ஏன் மறந்தோம்? என் தொழில் டேட்டாபேஸோட மாரடிக்கறது. அதனால எனக்குத் தோணினது இதுதான். பழைய ஆட்டக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தா யார் கோல் போட்டாங்க, எத்தனாவது நிமிஷம்னு இருக்கும். யார் எத்தனை பந்தைத் தடுத்தாங்கன்னு ஒரு கட்டமே இருக்காது. கோல்கீப்பர் தோத்தது மட்டும் பதிவாகும், ஜெயிச்சது எதுவும் பதிவாகாது.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இதுக்கு நல்ல உதாரணம். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் இந்தியா 0-2 என்று தோற்றது. பிறகு தாய்லாந்தையும் ஜப்பானையும், அரையிறுதியில் தென் வியட்நாமையும் வென்றது. அரையிறுதியில் கோலில் நின்றவர் பிரத்யுத் பர்மன். செப்டம்பர் 4, இறுதி ஆட்டம், எதிரே மறுபடி அதே தென்கொரியா. பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் தங்கராஜை இறக்கினார். இஸ்ரேலையும் தைவானையும் அழைக்காததை இந்திய அதிகாரி ஜி.டி. சோந்தி எதிர்த்துப் பேசியிருந்ததால், ஜகார்த்தா ரசிகர்கள் இந்தியா மேல் கொதித்துப் போயிருந்தார்கள். அரங்கம் முழுக்க எதிர்ப்புக் கூச்சல்.

17வது நிமிஷம் பி.கே. பானர்ஜி, 20வது நிமிஷம் ஜர்னைல் சிங். 2-0. ஜர்னைல் தலையில் தையலோடு ஆடியதை இன்னைக்கும் எல்லாரும் சொல்வாங்க, சொல்லணும்தான். கொரியா ஒரு கோல் போட்டது 85வது நிமிஷம். ஆட்டம் 2-1, தங்கம் நமக்கு. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதற்குப் பிறகு இன்றுவரை இந்தியாவுக்குத் தங்கம் கிடைக்கவில்லை.

இப்ப அந்த 20க்கும் 85க்கும் நடுவுல பாருங்க. அறுபத்தஞ்சு நிமிஷம். முதல் ஆட்டத்தில் நம்மளைத் தோற்கடிச்ச அணி, திருப்பி அடிச்சே ஆகணும்னு வெறியோட ஆடுது. ஆனா ஸ்கோர்கார்டில் அந்த நேரத்துக்கு ஒரு வரிகூட இல்லை. பின்வரிசை ஆட்டக்காரர்களோட சேர்ந்து தங்கராஜ் செஞ்ச வேலை அந்த வெத்து இடம்தான்.

1964 ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாவது இடம் பெற்றபோதும் அவர் இருந்தார். 1967இல் அர்ஜுனா விருது. 1971இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்று, பயிற்சியாளராகி, கடைசியில் பொகாரோவில் தங்கிவிட்டார். 2008 நவம்பர் 24 அன்று அங்கேயே மாரடைப்பால் இறந்தார். இன்னும் ஒரு மாசம் இருந்திருந்தால் எழுபத்து மூணு வயது முடிந்திருக்கும். ரஹீமைப் பற்றி 2024இல் இந்தியில் 'மைதான்' படம் வந்த பிறகுதான் பலருக்கு இப்படி ஒருத்தர் இருந்தார் என்பதே தெரியும்.

இதையெல்லாம் அக்கா மகனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "அப்ப நான் இன்னைக்கு எத்தனை பந்து புடிச்சேன்னு யாராச்சும் எண்ணினீங்களா?"ன்னான்.

யாரும் எண்ணலை. நானும்தான். மறுநாள் சாயங்காலம் மைதானத்து ஓரமா உட்கார்ந்து எண்ணினேன். ஒன்பது தடுத்தான், நாலு விட்டான். வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அந்த ஒன்பதைத்தான் பேசிக்கிட்டு வந்தான்.