கல்லில் எழும் நாதம்

சிவபெருமானை இசை வடிவினனாகக் கண்டு போற்றுதல் தேவார முதலிகள் காட்டிய நெறி. அந்நெறி வழங்கிய நாட்டிற் பிறந்த சிற்பிகள், பாடுவார் நாவோடு இசை நின்றுவிட ஒருப்படாராய், திருக்கோயிலின் தூணுக்கும் படிக்கும் அதனை ஈந்தனர். மண்டபத்திற் புகும் அடியவன் விரலால் தட்டினால் தூண் விடையிறுக்கும். கருவி பயிலாத எளியோனும் ஒரு சுரத்தை எழுப்பிச் சந்நிதி நோக்கிச் செல்லலாம் என்பது இவ்வமைப்பின் சிறப்பு.

கல்லுக்கும் இசைக்கும் உள்ள உறவு நம் நாட்டில் மிகப் பழையது. புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையில், ஏழாம் நூற்றாண்டினதாக அறிஞர் கொள்ளும் கல்வெட்டொன்று ஏழு இராகங்களுக்குரிய சுரக்கோவைகளைத் தாங்கி நிற்கின்றது. ஈண்டுக் கல் ஏடாயிற்று. அக்கல்லே கருவியாகவும் ஆனமைக்குத் தாராசுரம் சான்று. இரண்டாம் இராசராச சோழன் (1146–1173) எடுப்பித்த ஐராவதேசுரர் திருக்கோயிலில், பலிபீடத்தை ஒட்டிய சிறு கற்படிகள் வெவ்வேறு ஒலி தருவன. ஏறி இறங்கும் படியை இசைக்கு இடமாக்கிய அச்சிற்பியின் பெயர் வழங்கவில்லை. படி மட்டும் எஞ்சியுள்ளது.

இவ்வகையில் தலையாயது திருநெல்வேலி. நெல்லையப்பர் திருக்கோயில் மணிமண்டபத்தில், பெருந்தூணைச் சூழ்ந்து 48 சிறு தூண்கள் ஒரே கல்லிற் கடையப்பெற்றுள்ளன. ஞானசம்பந்தரால் சைவத்துக்கு மீண்ட நின்றசீர் நெடுமாற நாயனார் இதனைச் செய்வித்தார் என்பது தலமரபு. மரபு போற்றத்தக்கதே. ஆயினும், கொத்தாக நிற்கும் இத்தகைய தூண்கள் விசயநகர, நாயக்கர் காலத்துத் திருப்பணிகளிலேயே மிகுதியும் காணப்படுதலின், இன்றுள்ள வேலைப்பாட்டை அக்காலத்ததாகக் கருதுதல் பொருந்தும். அதனால் நெடுமாற நாயனாருக்கு யாதொரு குறையும் நேராது. மதுரையில் வடக்குக் கோபுரத்தை அடுத்து, தூணொன்றுக்கு 22 சிறு தூண்களாக ஐந்து தூண்கள் உள்ளன. சுசீந்திரத்து அலங்கார மண்டபத்திலும் இவை உண்டு. ஆங்குப் பெருந்தூண் இரண்டில் தனித்தனி 33 சிறு தூண்கள் எண்ணப்படுகின்றன.

இவற்றைக் காண்போர் பலர், உள்ளே துளை இருத்தலால் ஒலிக்கின்றன என்று கூறுவதுண்டு. அம்பி விட்டலர் கோயிலின் 56 இசைத்தூண்களைப் பற்றியும் இப்பேச்சு நிலவிற்று. ஆங்கிலேயர் இரண்டு தூண்களை அறுத்துப் பார்த்து ஏமாந்தனர் என்று வழிகாட்டுவோர் கதை சொல்வர். அறுக்காமலே உண்மை காணும் வழி பின்னர் வாய்த்தது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தார் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அத்தூண்களைச் செவிக்கெட்டா ஒலியலைகளாற் சோதித்து, அவை உள்ளீடு நிறைந்த கல்லே எனவும், தட்டும்போது வளைந்து அதிர்தலால் ஒலிக்கின்றன எனவும் கண்டனர்.

வளைந்து அதிரும் தண்டின் ஒலி, அதன் பருமன் குறையக் குறையத் தாழும். நீளம் குறைந்தால் ஏறும். நீளம் மேற்கல்லுக்கும் அடிக்கல்லுக்கும் இடையே முன்னரே வரையறைப்பட்டது. ஆகவே சிற்பிக்கு எஞ்சியது பருமன் ஒன்றே. சிறிது செதுக்கித் தட்டிக் கேட்டு, மீண்டும் சிறிது செதுக்கி, சுரம் இறங்கி இடத்தில் வந்து நிற்கும் கணத்தில் உளியை நிறுத்தவேண்டும். ஒருகால் மிகையாகச் செதுக்கிவிட்டால் தாழ்ந்த ஒலியை மேலேற்ற இயலாது. வீணையின் பிருடையைத் திருப்புவதுபோல் திருத்திக்கொள்ளும் வசதி கல்லில் இல்லை. கொத்தில் உள்ள தூண்கள் யாவும் ஒரே கல்லாதலின், ஒன்று கெட்டால் அதனை மட்டும் மாற்றவும் ஒண்ணாது. இத்துணை இடரையும் அறிந்தே 48 தூண்களைக் கடைந்தவர்களின் செவியும் பொறுமையும் வியத்தற்குரியன.

தட்டி ஒலிப்பனவேயன்றி ஊதி ஒலிப்பனவும் உண்டு. குடந்தைக் கும்பேசுரர் கோயிலில் உள்ள கல் நாகசுரம் அத்தகையது.

இக்காலத்து மேனாடுகளிலும் பொதுவிடங்களை ஒலிக்கச் செய்யும் முயற்சி காணப்படுகின்றது. குரோவாசிய நாட்டுச் சாதர் நகரக் கடற்கரையில், நிகோலா பாசிச் என்னும் கட்டடக் கலைஞர் 2005இல் அமைத்த படித்துறை ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுடையது. அதன் அடியிலுள்ள 35 குழல்களில் அலை காற்றைத் தள்ள, படிகள் ஓயாது இசைக்கின்றன. அங்குக் கடல் வாசிக்கின்றது. மனிதர் அமர்ந்து கேட்கின்றனர். தாராசுரத்திலும் நெல்லையிலும் மனிதனே வாசிக்கவேண்டும். இடர் தோன்றியதும் அவ்விடத்தேதான்.

விரலுக்கென்று அமைந்த தூணைக் கல்லாலும் நாணயத்தாலும் அடிப்பார் பெருகினர். விளைவாக, அம்பியில் தூண்களைத் தட்டுதல் விலக்கப்பட்டது. தாராசுரத்துப் படிகள் கம்பிக் கதவுக்குள் அடைபட்டன. காத்தல் வேண்டியதே. ஆனால் யாரும் தீண்டாத இசைத்தூண் ஏனைத் தூண்களைப்போல் ஊமையாய் நிற்கும். எவரும் அடிக்கலாம் என விடுதலும், எவரும் தொடலாகாது எனப் பூட்டுதலும் ஆகிய இரண்டிற்கும் நடுவே, இசையறிந்த ஒருவர் திருநாட்களில் மட்டும் விரலால் தட்டிக் கேட்பித்தல் என்னும் வழி ஒன்று உண்டு.

பக்தரினும் மிகுந்த தீங்கு சில வேளைகளில் திருப்பணியாலேயே நேர்கின்றது. அதனைச் செய்வோர் அன்பினாற் செய்கின்றனர் என்பதே வருத்தத்திற்குரியது. தடித்த வண்ணப் பூச்சு அதிர்வை விழுங்கும். சிறு தூண்களின் இடைவெளியிற் சிமெண்டு புகுந்தால் கல் அசைய இடமின்றி ஒலி மடியும். மணல் வீச்சு முறையால் தூய்மை செய்யும்போது, சிற்பி நாடோறும் தட்டிக் கேட்டு இழைத்த மேற்பரப்பே உதிர்கின்றது. பொருளுதவும் அன்பர்கள், பணி தொடங்குமுன் தூண் ஒவ்வொன்றின் ஒலியையும் ஒலிப்பதிவு செய்துவைக்கவும், குடமுழுக்குக்கு முன் அவற்றை மீண்டும் ஒப்பிட்டுக் கேட்கவும் தபதியாரிடம் வேண்டிக்கொள்ளலாம். இதற்கு ஓர் இசைவாணரும் ஒரு பகற்பொழுதும் போதும்.