பெட்ரோல் உட்செலுத்துப் பொறியில் மிகைக்கலவை

மிகைக்கலவை என்பது பெட்ரோல் பொறியின் உருளைகளுக்குள், அங்குள்ள காற்றுக்குத் தேவையானதைவிடக் கூடுதலான பெட்ரோல் செல்லும் நிலையாகும். பட்டறைகளில் இதனை ரிச் மிக்சர் என்பர். 1 பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, நிறை அளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. காற்று இதனினும் குறைந்தால் கலவை மிகையாகும். கரும்புகை, பெட்ரோல் நெடி, கரி படிந்த ஸ்பார்க் பிளக்குகள், மைலேஜ் குறைதல் ஆகியன இதன் அறிகுறிகள். குளிர்ந்த பொறியைத் தொடக்கும்போதும் முழு விசையில் செலுத்தும்போதும் கலவை மிகையாவது இயல்பே. பொறி சூடான பின்னரும், ஐடிலிங் எனப்படும் ஓய்வோட்டத்திலும் அது தொடர்ந்தால் பழுது எனக் கொள்ளலாம்.

ஆம்னி வேன்

தமிழ்நாட்டில் இப்பழுதுக்கு நல்ல எடுத்துக்காட்டு மாருதி ஆம்னி. 1984-இல் மாருதி வேன் என்று அறிமுகமாகி, 1988-இல் ஆம்னி என்று பெயர் மாறி, 2019 வரை இது தயாரிக்கப்பட்டது. 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள இதன் மூன்று உருளைப் பொறி முன் இருக்கைகளுக்கு அடியில் உள்ளது. தொடக்கத்தில் கார்புரேட்டருடன் வந்த வண்டி, மாசு விதிகள் கடுமையானபோது எம்.பி.எஃப்.ஐ. எனப்படும் உட்செலுத்தல் முறைக்கு மாறியது. பாரத் நிலை 2 விதிகள் சென்னையில் 2001-இல் நடைமுறைக்கு வந்தன.

கொருக்குப்பேட்டை, இராயபுரம், திருவொற்றியூர் பகுதிகளின் சூழல் இத்தகைய பழைய வேன்களுக்கு உகந்ததன்று. குறுந்தொலைவு ஓட்டத்திலும் இரயில்வே கேட்டில் காத்திருப்பதிலும் பொறி பெரும்பாலும் ஓய்வோட்டத்திலேயே கழிகிறது. கடலின் உப்புக் காற்று மின்னிணைப்பு முனைகளை அரிக்கிறது.

பொறி இருக்கைக்கு அடியில் இருப்பதால் இப்பழுதைச் செலவுக் கணக்காக மட்டும் பார்ப்பது தவறு. மிகைக்கலவை எரிகையில் கார்பன் மோனாக்சைடு பெருமளவில் உண்டாகிறது. புகைக்குழாயில் கசிவும் சேர்ந்தால், நிறமும் மணமுமற்ற அந்நச்சு வளி பயணிகள் அமரும் இடத்திற்குள் நுழையக்கூடும்.

பழுதின் தன்மை

கார்புரேட்டரில் திருகைத் திருப்பிக் கலவையைச் சரிசெய்யலாம். உட்செலுத்தல் முறையிலோ பெட்ரோலின் அளவை மின்னணுக் கட்டுப்பாட்டகம் கணக்கிடுகிறது. உள்ளிழு குழாயின் அழுத்தம், குளிர்நீரின் வெப்பநிலை, புகையில் எஞ்சிய ஆக்சிசன் முதலியவற்றை உணரிகள் தெரிவிக்க, அதற்கேற்ப இன்ஜெக்டர்கள் திறந்திருக்கும் நேரத்தை அது முடிவு செய்கிறது. உணரி தவறாகச் சொன்னால் கட்டுப்பாட்டகம் பிழையின்றித் தவறான கணக்கைப் போடும். ஆகவே கட்டுப்பாட்டகத்தையே மாற்றும் வழக்கம் பெரும்பாலும் வீண் செலவாகும்.

கண்டறிதல்

பொறி சூடான பின், சிர்க்கோனியா வகை ஆக்சிசன் உணரியின் வெளியீட்டை எண்ணியல் மல்டிமீட்டரால் வோல்ட்டு நிலையில் அளக்க வேண்டும். நல்ல நிலையில் அது 0.1 முதல் 0.9 வோல்ட்டு வரை இடைவிடாது ஏறி இறங்கும்.

பிளக்குகள் கருத்திருந்தும் உணரி 0.1 வோல்ட்டு அளவிலேயே நின்றால், உணரியோ அதன் மின்கம்பியோ கெட்டிருக்கும். அல்லது உணரிக்கு முன்பாகப் புகைக்குழாயில் கசிவு இருக்கும். ஓட்டை வழியே நுழையும் வெளிக்காற்றைக் கண்டு, பெட்ரோல் போதவில்லை என்று கருதும் கட்டுப்பாட்டகம் மேலும் மேலும் கூட்டிக்கொண்டே போகும்.

மாறாக 0.8 வோல்ட்டுக்கு மேலேயே நின்றால் உணரி உண்மையைச் சொல்கிறது. தேட வேண்டியது வேறிடத்தில். இந்த ஓர் அளவீடு தேடும் பரப்பைப் பாதியாக்கிவிடும். பழைய வண்டிகளில் கடையில் விற்கும் பொது ஸ்கேனர்கள் இணையாமல் போகலாம் என்பதால் இதன் பயன் மிகுதி.

அடுத்துப் பார்க்க வேண்டியது குளிர்நீர் வெப்ப உணரி. சூடு குறையக் குறைய இதன் மின்தடை கூடும். முனையில் பாசி பிடித்து மின்தடை ஏறினால், பொறி குளிர்ந்திருப்பதாகக் கட்டுப்பாட்டகம் நம்பிவிடும். சென்னையில் இதைக் கண்டுபிடிப்பது எளிது: இரவெல்லாம் நின்ற வண்டியில் காலையில் உணரி 5 பாகை செல்சியசு எனக் காட்டினால் அது பொய் என்று யாருக்கும் தெரியும். வெயில் ஊருக்குத் தேவையில்லை என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதும் இதே விளைவைத் தரும். அப்போது உணரி சரியாகவே சொல்கிறது. பொறிதான் உரிய சூட்டை எட்டுவதில்லை.

உள்ளிழு குழாய் அழுத்த உணரியைச் சோதிப்பதும் கடினமன்று. கடல்மட்டத்தை ஒட்டிய கொருக்குப்பேட்டையில், பொறியை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பினால் அது ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். ஓய்வோட்டத்தில் 30-40 அளவுக்கு இறங்க வேண்டும். உணரிக்குச் செல்லும் இரப்பர் குழாய் வெடித்திருந்தால் இறங்காது; முழுச் சுமை எனக் கருதிப் பெட்ரோல் கொட்டப்படும்.

எஞ்சியவை கசியும் இன்ஜெக்டர், மூடாத ஆவி வால்வு, கெட்டுப்போன அழுத்தச் சீராக்கி ஆகியன. சீராக்கியின் வெற்றிடக் குழாயைக் கழற்றும்போது உள்ளே பெட்ரோல் ஈரம் தென்பட்டால் அதன் சவ்வு கிழிந்துள்ளது எனலாம். காற்று வடிகட்டி அடைத்தால் கலவை மிகையாகும் என்பது கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை. அழுத்தத்தை அளந்து கணக்கிடும் பொறியில் அது விசையையே முதன்மையாகக் குறைக்கும்.

சீர்செய்த பின்

எரியாத பெட்ரோல் உருளைச் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலந்திருக்கும். அந்த ஆயிலை மாற்றாவிட்டால் அதன் ஆவி மீண்டும் பொறிக்குள் இழுக்கப்பட்டு, பழுது தீராதது போல் தோன்றும். பிளக்குகளையும் துப்புரவு செய்ய வேண்டும். கரிபடிந்த பிளக் தீப்பொறி தவறினால், எரியாத பெட்ரோலும் ஆக்சிசனும் வினையூக்கி மாற்றியில் சேர்ந்து எரிந்து, அதன் பீங்கான் கூட்டையே உருக்கக்கூடும்.

பாரத் நிலை 2, 3 வகைப் பெட்ரோல் நான்கு சக்கர வண்டிகளுக்கு ஓய்வோட்டத்தில் கார்பன் மோனாக்சைடு 0.5 விழுக்காட்டையும், ஐதரோகார்பன் பத்து இலட்சத்தில் 750 பங்கையும் தாண்டக்கூடாது. பதிவு செய்து 15 ஆண்டுகள் கடந்த தனியார் வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்கையிலும் மாசுச் சான்று தேவைப்படுகிறது. பொறியும் மாற்றியும் நன்கு சூடாகும்வரை வண்டியை ஓட்டிய பின்னரே புகையை அளக்கச் செய்ய வேண்டும். குளிர்ந்த மாற்றி வேலை செய்யாததால், பழுது நீங்கிய வண்டியும் சோதனையில் தவறக்கூடும்.