துரையின் காடும் பத்து வெள்ளியும்

வேட்டைக்கும் ஓய்வுக்கும் காட்டு நிலம் வேண்டும் என்ற ஆசைக்கு மலாயாவில் ஒரு பழைய முகம் உண்டு. ரப்பர் தோட்டத் துரையான தியோடர் ஹப்பேக், யானை, செலாடாங் வேட்டை பற்றி 1905-இல் புத்தகமே எழுதியவர். பிறகு அவரே விலங்குகளுக்காக வாதாடினார். அப்படி 1938–39-இல் வந்ததுதான் ஐந்தாம் ஜார்ஜ் தேசியப் பூங்கா. இன்றைய தாமான் நெகாரா, 4,343 சதுர கிலோமீட்டர்.

போர்ட்டிக்சன் பக்கம், சுவா வட்டாரத்தில், காடு ரப்பர் நிரையானது. அங்கே பால்வெட்டிய நம்மாளுக்கு லயத்து வீடுகூடச் சொந்தமில்லை. வேலை போச்சுன்னா வீடும் போச்சு.

1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். நாட்டில் ஆயிரக்கணக்கானோர் வேலையும் கூரையும் இழந்தார்கள். இதற்கு மாற்றாகத்தான் 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத்து ஆட்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்தார்கள். சங்கம் தோட்டங்களை முழுசாக வாங்கியது. ஆனால் எல்லாத் தோட்டத்தையும் வாங்க அந்தப் பணம் போதவில்லை.

ஆக, எங்காவது காட்டு நிலம் விலைக்கு வருதுன்னு கேள்விப்பட்டால், விலையைக் கேட்குமுன் அங்கே யார் இருந்தார்கள் என்று கேளுங்கள்.