19 ஆண்டுகளும் 39 நாட்களும்

எலுவன்குளத்தில் கலா ஓயாவைக் கடந்தால் பழைய புத்தளம் – மன்னார்ப் பாதை வில்பத்துக் காட்டினுள் நுழைகிறது. காட்டைத் தாண்டி, மறிச்சுக்கட்டி, சிலாவத்துறை வழியே வடக்கே சென்றால் அரிப்பு. 1679 ஒக்ரோபர் 18ஆம் நாள், ஒல்லாந்தர் வசமிருந்த அரிப்புக் கோட்டையை இரண்டு ஆங்கிலேயர் வந்தடைந்தனர். அவர்களில் ஒருவர் ரொபர்ட் நொக்ஸ். 1660இல் கொட்டியாரத்தில் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் சிறைப்பட்டவர். 19 ஆண்டுகளின் பின், அனுராதபுரத்திலிருந்து அருவியாற்றின் கரையோரமாகக் காட்டினூடே நடந்து தப்பியவர்.

இந்தத் தப்பித்தலுக்கும் இன்றைய 'ரியாலிட்டி' நிகழ்ச்சிகளுக்கும் ஓர் உறவு உண்டு. 1681இல் வெளிவந்த நொக்ஸின் நூலை டானியல் டிஃபோ நன்கு அறிந்திருந்தார். 1720இல் தாம் எழுதிய 'கப்டன் சிங்கிள்டன்' நாவலில் நொக்ஸின் கதையையே அவர் எடுத்துச் சொல்கிறார். அதற்கு முந்தைய ஆண்டு வந்த 'ராபின்சன் குரூசோ'வின் மூலங்களில் ஒன்றாகவும் நொக்ஸின் நூலை ஆய்வாளர் கருதுவர். அந்த ராபின்சனின் பெயரைத் தாங்கியே, 1997இல் சுவீடனில் 'எக்ஸ்பெடிஷன் ராபின்சன்' தொடங்கியது. 2000இல் அதுவே அமெரிக்காவில் 'சர்வைவர்' ஆயிற்று. நொக்ஸின் 19 ஆண்டுகள் அங்கே 39 நாட்களாகச் சுருங்கின.

அந்த நாட்களேனும் உண்மையானவையா? சில காட்சிகளை மாற்று ஆட்களை வைத்து மீண்டும் படமாக்கியதாகச் 'சர்வைவர்' தயாரிப்பாளர் மார்க் பர்னெட் 2001இல் ஒப்புக்கொண்டார். போட்டியின் முடிவு அதனால் மாறவில்லை என்பது அவரது வாதம்.

அது சிறு விடயம். சுவீடன் நிகழ்ச்சியில் முதலில் வெளியேற்றப்பட்டவர் 1997 ஜூலையில், ஒளிபரப்புத் தொடங்கும் முன்பே தற்கொலை செய்துகொண்டார். தாம் செய்த நல்லவற்றை வெட்டிவிட்டுத் தம்மை முட்டாளாகக் காட்டப்போகிறார்கள் என அவர் மனைவியிடம் அஞ்சிக் கூறியிருந்தாராம். படக்கருவி அவரை எப்படிக் காட்டியது என்பதை அவர் பார்க்கவே இல்லை. வெட்டும் கத்தரி தம் கையில் இல்லை என்பதே அவரை வாட்டியது.

நொக்ஸின் நூலும் பிறர் கைபட்டதுதான். உறவினரான பாதிரியார் ஜோன் ஸ்ட்ரைப்பும் விஞ்ஞானி ரொபர்ட் ஹூக்கும் அதை ஒழுங்குபடுத்த உதவினர்; முன்னுரையும் ஹூக்குடையது. ஆயினும், அச்சான பிரதியொன்றின் இடையிடையே வெற்றுத்தாள்களைச் சேர்த்துக்கட்டி, நொக்ஸ் பல ஆண்டுகள் திருத்தியும் கூட்டியும் எழுதிவந்தார். தம் கதையைத் தாமே மீண்டும் சொல்லும் உரிமை அவரிடம் இருந்தது.

செய்தி அறையில் இருந்தவர்களுக்கு இது புதிதன்று. வெட்டாமல் எதுவும் வெளிவராது, வெட்டுவதெல்லாம் பொய்யுமன்று. 2019இல் இலங்கையரான லொஸ்லியாவும் தர்ஷனும் தமிழ் 'பிக் பாஸ்' வீட்டில் இருந்தபோது, அவர்களுடைய ஒவ்வொரு நாளும் நமக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமாகவே வந்தது. அதை வைத்துத்தான் நம் வீடுகளில் அவர்கள் குணத்துக்குத் தீர்ப்பெழுதினோம். மீதி 23 மணி நேரத்தைப் பார்த்தவர்கள் எவரும் நம்மிடையே இல்லை. அடுத்த தீர்ப்புக்கு முன் அதையேனும் நினைவில் கொள்வோம்.