பல்நிற அடைப்பு

பல்நிற அடைப்பு என்பது சொத்தை விழுந்த பல்லைச் சுத்தம் செய்து, பல்லின் இயல்பான நிறத்தை ஒத்த பொருளால் குழியை நிரப்பும் சிகிச்சை. கண்ணுக்குத் தெரிவது நிறப் பொருத்தம். ஆனால் நல்ல பல்லை அதிகம் இழக்காமல் அடைக்க முடிவதே இதன் முதன்மைப் பயன்.

வரலாறு

நீண்ட காலம் குழிகளை அடைத்தது அமல்கம் எனும் வெள்ளிக் கலவை. அதன் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். 1955இல் மைக்கேல் புவோனகோர், பாஸ்போரிக் அமிலம் தடவிய எனாமலில் (பல்லின் மேலுறையில்) பிசின் உறுதியாக ஒட்டும் என்று காட்டினார். 1962இல் ரஃபேல் போவன் உருவாக்கிய பிஸ்-ஜிஎம்ஏ பிசின், இன்று பயன்படும் காம்போசிட் எனும் பல்நிறப் பொருளுக்கு அடித்தளமானது. கண்ணாடி அயனோமர் என்ற மற்றொரு பல்நிறப் பொருளை வில்சன், கென்ட் இருவரும் 1972இல் அறிமுகப்படுத்தினர்.

செய்முறை

சொத்தையை அகற்றியபின் பல்லில் அமிலம் தடவிக் கழுவுவார்கள். அதில் உண்டாகும் நுண்துளைகளுக்குள் ஒட்டுப்பசை இறங்கும். அதன்மேல் காம்போசிட்டை ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள அடுக்குகளாக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் நீல ஒளியால் இறுகச் செய்வார்கள். கடைசியில் கடிமானம் பார்த்து மெருகேற்றுவார்கள்.

நன்மைகள்

அமல்கம் பல்லோடு ஒட்டாது. அது கழன்று விழாதிருக்க, சொத்தையில்லாத பகுதியையும் சற்றுக் குடைய வேண்டியிருக்கும். காம்போசிட் ஒட்டிக்கொள்வதால் சொத்தையை மட்டும் எடுத்தாலே பெரும்பாலும் போதும். முன்பல்லின் உடைந்த முனையையும் இதைக் கொண்டு சீராக்கலாம். காம்போசிட்டில் பாதரசம் இல்லை. ஒளி பட்டவுடன் இறுகிவிடும். பின்னாளில் சிறு சேதம் வந்தால் அந்த இடத்தை மட்டும் பழுதுபார்க்கலாம். கண்ணாடி அயனோமர் ஃபுளோரைடை மெல்லக் கசியவிடும். பால்பற்களுக்கு இது பெரிதும் பயன்படுகிறது.

வரம்புகள்

எச்சிலோ இரத்தமோ பட்டால் ஒட்டு கெடும். ஆகவே பல்லை உலர்வாக வைத்திருப்பது கட்டாயம். இறுகும்போது பொருள் சற்றுச் சுருங்குவதால், ஓரத்தில் இடைவெளி விழுந்து மீண்டும் சொத்தை வரக்கூடும். கடைவாய்ப் பற்களில் அமல்கமே அதிக காலம் தாங்குகிறது என்று காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. தேநீர், காப்பி, வெற்றிலை ஆகியவற்றின் கறையும் காம்போசிட்டில் படியும். பழுதில்லாத பழைய வெள்ளி அடைப்பைப் பாதரசப் பயத்தால் மட்டும் எடுக்கத் தேவையில்லை. எடுக்கும்போது பாதரச ஆவி வெளிப்படும், நல்ல பல்லும் குறையும்.

பாதரசம் பற்றிய மினாமாத்தா உடன்படிக்கை 2017இல் நடப்புக்கு வந்தபின் உலகெங்கும் அமல்கப் பயன்பாடு குறைந்து வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் அதற்குப் பொதுத் தடை விதித்துள்ளது.

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில்

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் போன்ற இடங்களில் கடைவீடுகளில் இயங்கும் தனியார் பல் கிளினிக்குகளில் பல்நிற அடைப்பு அன்றாடச் சிகிச்சை. அரசு பல் கிளினிக்குகளில் கட்டணம் மிகக் குறைவு, ஆனால் காத்திருக்க நேரிடும். கோலாலம்பூரில் 1972இல் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் புலத்திலும், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் புலத்திலும் மேற்பார்வையின்கீழ் மாணவர்கள் சிகிச்சை அளிக்கின்றனர். பள்ளிப் பல் மருத்துவச் சேவை தமிழ்ப்பள்ளிகளுக்கும் செல்வதால், பிள்ளைகளின் சொத்தையைக் குழி சிறிதாக இருக்கும்போதே கண்டறிய முடிகிறது. ஒட்டும் அடைப்பு மிகுந்த பலன் தருவதும் அப்போதுதான்.

2018ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டப்படி, பல் மருத்துவர்கள் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். சிகிச்சைக்குமுன் அந்தப் பதிவையும், எந்தப் பொருளால் அடைக்கப்போகிறார்கள் என்பதையும் கேட்டறிவது நோயாளியின் உரிமை.