ஆயத்தத் தானியங்கி இணைய வணிக அமைப்புகள்: வருவாயின் ஊற்று பற்றிய ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் சான்றும்

"கடையை நாங்களே அமைத்துத் தருகிறோம், நாங்களே நடத்தியும் தருகிறோம், முதலை மட்டும் போடுங்கள்" என்ற உறுதியோடு விற்கப்படும் இணைய வணிகங்களே இங்கு ஆய்வுக்கு உரியவை. விற்பனைத் தளம், சரக்குப் பட்டியல், விலையைத் தானே மாற்றும் மென்பொருள், வாடிக்கையாளருக்குத் தானாகப் போகும் மின்னஞ்சல் ஆகிய எல்லாம் ஒரே கட்டாக வரும். இத்தகைய அமைப்புகள் சிலவற்றின் மீது அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் தொடுத்த வழக்குகளையும் அது வகுத்த விதியையும் முதன்மைச் சான்றாகக் கொள்கிறேன். விளம்பரத்தில் சொல்லாமல் விடப்படும் கணக்குகள் அங்கேதான் வெளிப்படுகின்றன. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அமைப்பை விற்பவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? கடையில் விற்கும் சரக்கிலிருந்தா, கடை வாங்க வருபவரின் நுழைவுக் கட்டணத்திலிருந்தா?

2. இயந்திரம் செய்வதும் செய்யாததும்

தானியங்கி முறைமேல் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சரக்கைத் தன் கிடங்கில் வைத்து, கட்டி, அனுப்பித் தரும் சேவையை அமேசான் 2006-இல் தொடங்கியது. அதே ஆண்டில் ஷாப்பிஃபை வந்தது. நிரல் எழுதத் தெரியாதவரும் மாதக் கட்டணத்தில் கடை திறக்க முடிந்தது. 2011-இல் வந்த வூகாமர்ஸ் மென்பொருளை இலவசமாகவே நிறுவிக்கொள்ளலாம். இயந்திரம் செய்யக்கூடிய வேலை இப்படி ஆண்டுக்கு ஆண்டு மலிவாகிக்கொண்டே வந்திருக்கிறது. அந்த வேலைக்குப் பல்லாயிரம் டாலர் கேட்கப்படும்போது, விலை எதற்கு என்று வாங்குபவர் விசாரித்தே ஆக வேண்டும்.

இயந்திரம் செய்யாத வேலைகள் மூன்று: எந்தச் சரக்கு விலைபோகும் என்று தேர்வது, வாங்க ஆளைக் கொண்டுவருவது, தவறு நேர்ந்தால் பொறுப்பேற்பது. மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை. கடைக் கணக்கு வழக்கமாக வாங்கியவர் பெயரிலேயே திறக்கப்படுகிறது. வரியும் அவருடையது, திரும்பி வரும் சரக்கும் அவருடையது. வேறொரு சில்லறைக் கடையில் வாங்கி, அந்தக் கடையின் பெயரிட்ட சீட்டோடு வாடிக்கையாளருக்கு நேரே அனுப்புவதை அமேசான் அனுமதிப்பதில்லை. நடத்தித் தரும் நிறுவனம் அந்தக் குறுக்குவழியில் போனால் முடக்கப்படுவது முதல் போட்டவரின் கணக்குதான்.

3. இரு வழக்குகள்

மை ஆன்லைன் பிசினஸ் எஜுகேஷன், சுருக்கமாக மோப், 21 படிகள் கொண்ட ஒரு முறையை 49 டாலருக்கு விற்றது. உள்ளே நுழைந்தவருக்குப் படிகள் முடிவதற்குள் உயர்நிலை உறுப்பினர் கட்டணங்கள் முன்வைக்கப்பட்டன. அவை பல்லாயிரம் டாலர் வரை ஏறின. உறுப்பினர் செய்ய வேண்டிய வணிகம் என்ன? அதே உறுப்பினர் திட்டத்தைப் பிறருக்கு விற்றுத் தரகு பெறுவது. 2018 ஜூனில் ஆணையம் நீதிமன்றத்தின் வழியாக இதை நிறுத்தியது; மக்கள் இழந்தது 12.5 கோடி டாலருக்கு மேல் என்று குற்றஞ்சாட்டியது. 2022-இல் ஆணையத்தால் திருப்பிக் கொடுக்க முடிந்தது ஏறத்தாழ 2.3 கோடி டாலர். ஆணையம் சொன்ன இழப்பில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. சட்டம் வென்ற வழக்கிலேயே மீட்பு இவ்வளவுதான் என்பதை முதல் போட நினைப்பவர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

ஆட்டோமேட்டர்ஸ் வழக்கு வேறு வகை. அங்கே சரக்கு உண்டு. அமேசானிலும் வால்மார்ட்டிலும் கடைகள் உண்டு. செயற்கை நுண்ணறிவு லாபத்தைப் பெருக்கும் என்று விளம்பரம் செய்தார்கள். 2023 ஆகஸ்டில் ஆணையம் வழக்கை வெளியிட்டபோது, பெரும்பாலோர் போட்ட முதலைக்கூட எடுக்கவில்லை என்றும், விதிமீறலுக்காகக் கடைகள் முடக்கப்பட்டன என்றும் சொன்னது. 2024-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, நடத்தியவர்கள் வணிக வாய்ப்புகளை விற்கவே தடை விதிக்கப்பட்டது. மோப்பில் சரக்கு பெயருக்குத்தான், இங்கே சரக்கு நிஜம். ஆனாலும் இரண்டிலும் விற்றவரின் பெருவருவாய் நுழைவுக் கட்டணமாக முன்னதாகவே வந்துவிட்டது. கடை ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தப் பணம் அவரிடம் சேர்ந்தாயிற்று.

4. கணக்குப் போட்டுப் பார்த்தல்

ஓர் எடுகோளை வைத்துக்கொள்வோம். ஒரு பொருளின் விற்பனை விலை 30 டாலர். கொள்முதல் 12. அமேசான் தரகு, பல சரக்கு வகைகளுக்கு உள்ளபடி 15 விழுக்காடு, அதாவது 4.50. கிடங்கும் அனுப்பும் செலவும் 5.50. விளம்பரம் 4. கையில் நிற்பது 4 டாலர். நடத்தித் தருபவர் லாபத்தில் 35 விழுக்காடு எடுத்தால் 2.60 மிஞ்சும். நுழைவுக் கட்டணம் 30,000 டாலர் என்றால், அதை மட்டும் மீட்க ஏறத்தாழ 11,500 பொருள்கள் விற்றாக வேண்டும். நாளுக்குப் பத்து விற்றாலும் மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். திரும்பி வரும் சரக்கை இதில் சேர்க்கவில்லை.

இப்போது விளம்பரச் செலவு பொருளுக்கு 2 டாலர் மட்டும் ஏறட்டும். மிச்சம் 1.30; விற்க வேண்டிய எண்ணிக்கை 23,000-ஐத் தாண்டுகிறது. காலம் ஆறு ஆண்டுக்கு மேல். சிறு ஏற்றமே கணக்கைக் கவிழ்க்கிறது என்றால், அந்த ஏற்றம் எங்கிருந்து வரும்? பெரும்பாலும் அதே அமைப்பை வாங்கிய மற்றவர்களிடமிருந்து. ஒரே மென்பொருள் ஒரே அளவுகோலால் சரக்குத் தேர்ந்தால், நூறு பேர் ஒரே பொருளுக்கு வந்து நிற்பார்கள். ஒரே தேடுசொல்லுக்கு ஏலம் கேட்பார்கள். ஆக, அமைப்பை விற்பவரின் ஒவ்வொரு புதிய வாடிக்கையாளரும் பழைய வாடிக்கையாளரின் லாபத்தைக் குறைக்கிறார். இந்த உள்முரண்பாடுதான் இத்துறையின் ஆணிவேர் என்பது என் முடிவு. நிறுவனம் நேர்மையாக நடந்தாலும் இது மாறாது.

5. ஒற்றைத் தாள் விதி

2012 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அமெரிக்காவின் திருத்திய வணிக வாய்ப்பு விதி, பணமோ கையொப்பமோ வாங்குவதற்கு 7 நாள் முன்பே ஓர் ஒற்றைத் தாள் அறிவிப்பைத் தரச் சொல்கிறது. விற்பவர்மீது உள்ள வழக்குகள், பணம் திரும்பப் பெறும் நிபந்தனை, முன்பு வாங்கியோர் பட்டியல் ஆகியவை அதனுடன் தெரிவிக்கப்பட வேண்டும். வருவாய் பற்றி ஏதேனும் சொன்னால் தனி அறிக்கை தர வேண்டும். வாங்கியவர்களில் எத்தனை பேர், எத்தனை விழுக்காட்டினர் அந்த வருவாயை எட்டினர் என்பது அதில் இருக்க வேண்டும். இதைவிடக் கூர்மையான கேள்வியை நான் கண்டதில்லை. வென்ற ஒருவரின் வங்கிக் கணக்குப் படத்தைக் காட்டுவது எளிது. மொத்தத்தில் அவர் எத்தனையில் ஒருவர் என்று சொல்வதுதான் கடினம்.

முன்பு வாங்கியோர் பட்டியலுக்கும் ஒரு தடை குறுக்கிடுகிறது. குறை சொல்லக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அமெரிக்காவின் 2016 நுகர்வோர் மதிப்புரை நியாயச் சட்டம் இதைச் செல்லாது என்கிறது. ஆயினும் 2024 செப்டம்பரில் ஆணையம் அறிவித்த, இத்தகைய கடைகளை நடத்தித் தரும் அசென்ட் ஈகாம் மீதான வழக்கில் அச்சட்டத்தை மீறியதும் ஒரு குற்றச்சாட்டு. வாயடைப்பு வரி உள்ள ஒப்பந்தத்தைக் கண்டால் அங்கேயே எழுந்துவிட வேண்டும்.

இந்தியாவில் ஆள் சேர்ப்பதிலிருந்தே வருவாய் காட்டும் வகையை 1978-இன் பரிசுச் சீட்டு, பணச் சுழற்சித் தடைச் சட்டமும் 2021-இன் நேரடி விற்பனை விதிகளும் தடுக்கின்றன. மோப் போன்றவை இந்தத் தடைக்கு நெருக்கமானவை. ஆட்டோமேட்டர்ஸ் போன்றவை அப்படியல்ல.

6. வாங்கத்தக்க வடிவம்

ஆயத்தமாக வாங்குவதே தவறு என்று இதிலிருந்து கொள்ளலாகாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இணையக் கடையை வாங்கலாம். 2009-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய ஃபிளிப்பா போன்ற சந்தைகளில் இத்தகைய கடைகள் லாபத்தின் மடங்காக விலை பேசப்படுகின்றன. இங்கே விலைக்குக் கடந்தகாலக் கணக்கு இருக்கிறது. விற்பனைப் பதிவையும் வருகையாளர் எண்ணிக்கையையும் நேரே உள்நுழைந்து சரிபார்க்கலாம். இதிலும் ஏமாற்று உண்டு. வருகையாளர் எண்ணிக்கையைக் காசு கொடுத்து ஊதிக்காட்டுவார்கள். ஆகவே ஒரு மாதப் பதிவைப் பார்த்துத் திருப்தியடையாமல் ஓராண்டுக்கேனும் வங்கி வரவோடு ஒப்பிட வேண்டும். நடத்தித் தருவோரிடம் போவதானால், நுழைவுக் கட்டணமே இல்லாமல் லாபப் பங்கு மட்டும் எடுத்துக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டுப் பார்க்கலாம். தம் அமைப்பு சம்பாதிக்கும் என்று நம்புகிறவருக்கு அந்த ஏற்பாட்டில் இழப்பில்லை.