ஏரி போய்ப் பூங்கா வந்த பேட்டை

துணிக்கடை விளக்குகளில் திணறும் இன்றைய தியாகராய நகரில் நின்றுகொண்டு, இங்கே முன்பு பெரிய ஏரி ஒன்று நீண்டு கிடந்தது என்று சொன்னால் எளிதில் நம்பமாட்டார்கள்; ஆயினும் மேற்கு மாம்பலத்தில் ஒரு வீதி ‘லேக் வியூ ரோடு’ என்ற நாமத்தைத் தரித்துக்கொண்டு, காணாமற்போன ஜலத்துக்குச் சாட்சியாக இன்னும் இருந்து வருகிறது. 1920களில் அந்த ஏரியை வடித்து, நீதிக்கட்சிப் பிரமுகர்களின் பெயர்களை வீதிகளுக்குச் சூட்டி, நடுநாயகமாகப் பனகல் பூங்காவை வைத்துக் குடியிருப்பை நிர்மாணித்தார்கள். 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், கோட்டைப் பக்கத்தில் உத்தியோகம் பார்ப்பவர்கள் பொழுதோடு மாம்பலத்தில் இறங்கிக் குழந்தைகளைப் பூங்காவுக்கு அழைத்துப்போவது சாத்தியமாயிற்று.

பூங்காவில் பிரமாதமாக ஒன்றுமில்லை. உட்கார நிழலும் ஓட இடமும் உண்டு, அவ்வளவுதான். பேட்டையின் உண்மையான உல்லாசம் நவராத்திரியில்தான் என்பது என் அபிப்பிராயம். பட்டுப் பாவாடைச் சிறுமிகள் குங்குமச் சிமிழோடு வீடு வீடாகப் போய் அழைப்பதும், வந்தவர்கள் சுருதி சேராவிட்டாலும் கூச்சமின்றி ஒரு பாட்டுப் பாடிச் சுண்டல் பொட்டலம் வாங்கிக்கொள்வதும் ஒன்பது நாளும் நடக்கும். கொலுப்படியின் ஓரத்தில் பையன்கள் மணலைப் பரப்பி, கடுகு தூவி முளைக்கவிட்டு, ஒரு பூங்கா அமைப்பார்கள்; அதன் நடுவே, உடைந்த முகம்பார்க்கும் கண்ணாடியைப் பதித்து, ஓர் ஏரி.